கை தெரியப் போட்ட படம்

வெந்து சிவந்த ஒரு கையின் படத்துக்குக் கீழே ‘மருதாணி நல்லா பிடிச்சிருக்கே’ என்று எழுதி, கூடவே இரண்டு கைதட்டல் பொம்மையும் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் சொன்னால், இத்தனை நேரம் ஒரு மடையனுக்கா காது கொடுத்தோம் என்று உங்களுக்கு எரிச்சல் வரும். இதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றும் பின்னால் வருகிறது. அதில் ரத்தம் உண்டு.

போட்டதும் என் போனிலிருந்து அல்ல. மாமியாரின் போனிலிருந்து, மாமியாரின் பெயரில். இரண்டு நிமிடத்தில் கடற்கரைப் பக்கமிருந்து மீன் ஊறுகாய் போடுகிற அம்மாள் கூப்பிட்டார். மாமியார் மாவுக் கையோடு இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏட்டி, ஒனக்குக் கண்ணு ரெண்டும் பொட்டையா? அது மருதாணியாட்டி? கொதிக்கிற வெள்ளத்த எடுத்து அவ கையில ஊத்தியிருக்கான். ஒனக்கு அதுல கைதட்டு கேக்குதோ?”

“நீ என்னத்தட்டி சொல்லுதே?”

“எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கியா? எனக்க தோள வந்து பாரு. எனக்குள்ளவனும் உசுரோட இருந்தப்போ இப்பிடி ஊத்துனவந்தான்.”

மாமியார் போனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த கையால் என் முதுகில் ஒன்று வைத்தார். மருமகன்மேல் மாமியார் கைநீட்டுவது எங்கள் நாஞ்சில் நாட்டில் வழக்கமில்லை. வீட்டோடு கிடக்கிற மருமகனுக்கு அந்த மரியாதை பொருந்தாது போலிருக்கிறது. சட்டையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்ததைச் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மனைவி பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமலேயே, “நல்லா வேணும்” என்றாள்.

நான் சவூதியில் எட்டு வருடம் ஏசி மெக்கானிக். இரண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு வாக்கில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தது நான்தான். ஊருக்கு வந்து, சுசீந்திரத்தில் வயலைப் பார்த்தபடி இருக்கும் மாமியார் வீட்டில் பெட்டியை இறக்கினேன். மனைவி காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். மாமனார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் மாமியாரும் நானும். மனைவிக்கென்று நான் வாங்கிவந்த போனை மாமியார் எடுத்துக்கொண்டார். அந்தப் போனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரனாக என்னையும் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு வாட்சப்பில் ஒரு கூட்டம் இருந்தது. மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பாட்டிமார். ஆளுக்கொரு பலகாரம். மாமியார் முந்திரிக்கொத்து. கடற்கரை அம்மாள் மீன் ஊறுகாய். மயிலாடியிலிருந்து ஒருவர் முறுக்கு. அவர் வாய்ஸ் போட்டால் பின்னால் சிலை செதுக்குகிற உளிச் சத்தம் கேட்கும். நிச்சயதார்த்தமோ, சீர் கொண்டுபோகிற வீடோ, வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்து திரும்புகிறவன் வீடோ, யாருக்கு ஆர்டர் வந்தாலும் மற்றவர்களுக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். கூட்டத்தில் சேர இரண்டு விதி. ஒன்று, பேரனோ பேத்தியோ இருக்க வேண்டும். இரண்டாவது, காலையில் பலகாரத்தைப் படம் பிடித்துப் போடும்போது செய்தவளின் கையும் அதில் தெரிய வேண்டும்.

இந்த இரண்டாவது விதிக்கு ஒரு கதை இருக்கிறது. ஒருத்தி இன்டர்நெட்டில் கிடந்த யாருடைய முறுக்கையோ எடுத்துத் தன்னுடையது என்று போட்டுவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனது கருகிய முறுக்கு. பெண்ணின் தாய்மாமன் டின்னோடு திரும்பி வந்து, அவள் வீட்டு கேட்டில் டின்களை ஒவ்வொன்றாக அடித்து நசுக்கிவிட்டுப் போனான். அன்றைக்கு மாமியார் சட்டம் போட்டார். “எனிமே செஞ்ச கை படத்துல இருக்கணும். கை இல்லாத படம் போட்டவளுக்கு எனக்க வாயிலேருந்து என்ன வரும்னு எனக்கே தெரியாது.”

அதனால் அந்தப் பெண்களை எனக்கு முகத்தால் தெரியாது. கையால் தெரியும். மீன் ஊறுகாய்க் கையில் கத்தி கீறிய கோடுகள் நிறைய. மோதிரம் விரலுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அச்சப்பம் செய்கிறவரின் கை நீளமானது, எலும்பும் நரம்புமாக, ஒரே ஒரு மெல்லிய வளையலோடு. நான் மருதாணி வைத்துவிட்டது அந்தக் கைக்குத்தான்.

அச்சப்பக்காரர் திற்பரப்புப் பக்கம். புருஷனுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. மகன் குடும்பத்தோடு துபாயில். பேத்திகளைப் போனில் பார்க்க வேண்டும் என்று மகன்தான் போன் அனுப்பினான். பேத்திகளோடு பேசும் வரை புருஷனுக்குத் தொந்தரவில்லை. அச்சப்பம் வேண்டும் என்று முகம் தெரியாத ஆண்கள் கூப்பிட ஆரம்பித்ததும் அவருக்குத் தலையில் தீப்பிடித்தது. அறுபது வயது மனைவிக்குக் கள்ளப் புருஷன் இருக்கிறான் என்று அறுபத்தாறு வயதுக்காரர் முடிவு செய்துவிட்டார். அவன் பலகாரம் வாங்குகிற சாக்கில் வருகிறானாம். ஒரு நாள் நூறு அச்சப்பம் கேட்டவன்மேல் சந்தேகம் வலுத்தது. நூறை ஒருத்தன் எப்படித் தின்பான் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதில்தான் கொதிக்கிற தண்ணீர்.

எங்கள் பக்கத்தில், அடி வாங்கினவளிடம் ‘அடிச்சானா’ என்று கேட்க மாட்டார்கள். ‘கையில என்ன’ என்பார்கள். ‘வெறகு பட்டுது’ என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்தது. கூட்டத்தில் அது கூட முடியாது. வாய்ஸ் வந்தால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். ஆகவே பாட்டிமார் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் படம் வந்ததும் பெரிதாக்கிக் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஜோக் எழுதவில்லை என்பதை என் கணக்கில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வலது கைக்குப் பதில் இடது கை வந்தது. அடுத்த வாரம் மணிக்கட்டில் கயிறு இறுக்கிய தடம். வளையல் காணாமல் போனது. பிறகு ஒரு நாள் படமே வரவில்லை.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஒரு வாய்ஸ் வந்தது.

“அக்கா, எனக்க போன ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினுக்க எடயில விட்டுத் திருக்கிட்டாரு. பப்படம் மாதிரி வந்துது. விட மாட்டேன்னு பிடிச்சேன், சுண்டுவெரலும் கூடப் போயிட்டுது. வர்ம ஆசான் வச்சுக் கெட்டிவிட்டாரு, ஆனா கோணலாத்தான் நிக்கும்ன்னாரு. எனிமே எனக்கு ஆர்டர் எடுக்காதீங்க. அடுத்தது தலைன்னு சொல்லியிருக்காரு.”

மாமியார் அந்த வாய்ஸை மூன்று தடவை போட்டுக் கேட்டார். பிறகு உலக்கை எடுத்துப் பயறு இடித்தார். அன்றைக்கு அவர் இடித்த இடியில் சுவரில் தொங்கிய மாமனார் படம் ஒரு பக்கம் சாய்ந்தது.

மறுநாள் காலையில் ஆறு பாட்டிமார் ஒரு வேனில் ஏறினார்கள். ஆளுக்கொரு துண்டு, எண்ணெய்க் குப்பி, மாற்றுச் சேலை. திற்பரப்பு அருவியில் குளிக்கப் போகிறார்களாம். டிரைவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தேங்காய்ச் சிரட்டையில் வடிந்த பாலை எடுத்துக்கொண்டு வீடு திரும்பப் பதினொன்று ஆகும். அதற்குள் காரியம் முடிய வேண்டும். டிரைவரை விட்டால் பயணத்தில் ஒரே ஆண் நான். சாமான் தூக்கவும், ஏதாவது நடந்தால் முதல் அடியை வாங்கவும். நான் வேனைவிட்டு இறங்கவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். பயம்தான்.

கால் மணி நேரத்தில் ஏழு பேராகத் திரும்பி வந்தார்கள். ஏழாமவர் கையில் ஒரே ஒரு துணிப்பை. அதில் அச்சப்ப அச்சு இருந்தது. பூப்போல வார்த்த இரும்பு, நீளக் கம்பிக் கைப்பிடியோடு. மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. வேன் குலசேகரம் தாண்டும் வரை எல்லாரும் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு மீன் ஊறுகாய் அம்மாள் சொன்னார்: “குளிக்கக்கூட விடாம கூட்டிட்டு வந்திட்டாளுவ பாவியள்.” ஏழாமவர் அதற்குச் சிரித்தார். கீழ் உதடு பிளந்திருந்ததால் சிரிக்கும்போது ரத்தம் வந்தது.

அவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் மனைவி சித்தி என்று கூப்பிட்டாள், நானும் அப்படியே. புறவாசல் சாய்ப்பில் இரண்டாவது அடுப்புப் போட்டோம். அவர் இருக்கிற இடம் வெளியே தெரியக் கூடாது, கூட்டத்திலும் பேச்செடுக்கக் கூடாது, அவர் சுடுகிற அச்சப்பம் மாமியார் பெயரிலேயே போகட்டும் என்று முடிவானது. மகன் துபாயிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டு, “அம்மா அங்க இருக்கா?” என்று கேட்டபோது, “இல்லையே மக்கா” என்று அவர் கூசாமல் சொன்னார். எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். நானும் கட்டிக்கொண்டேன். என் கையைத்தான் யாரும் கட்டிப்போடவில்லை.

பேஸ்புக்கில் மாமியாரின் பலகாரத்துக்கு ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தேன். அது என் சொந்தத் தொழில். அங்கே லைக் விழுந்தால் எனக்குச் சம்பளம் வந்த மாதிரி. ஒரு நாள் சித்தி சுட்ட அச்சப்பம் வெயிலில் பொன்னாக மினுங்கியது. படம் எடுத்தேன். என்னிடம் எச்சரிக்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முகம் தெரியாமல் வெட்டினேன். சேலை தெரியாமல் வெட்டினேன். பின்னால் கிடந்த அச்சுக்கூட வரக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் வெட்டினேன். விதி விதிதானே என்று கையை மட்டும் விட்டுவைத்தேன். நீள விரல்கள். கோணலாக நிற்கும் சுண்டுவிரல். கீழே மாமியாரின் போன் நம்பர்.

திற்பரப்புப் பக்கம் ஒரு டீக்கடையில் அந்தப் படத்தை யாரோ பார்த்துவிட்டு, ‘ஒம்ம வீட்டுக்காரி சுடுத மாதிரியே இருக்கு பாரும்’ என்று சித்தியின் புருஷனிடம் நீட்டியிருக்கிறார்கள். இது பிறகு தெரிந்தது. தான் ஒடித்த விரல் ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா?

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

“அச்சப்பம் வேணும். நூறு.”

நூறு என்று கேட்டதும் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷம் தோன்றியது.

“எடுத்துக்கலாம் அண்ணாச்சி. எப்ப வேணும்?”

“நேர்ல வந்து வாங்கிக்கிடுதேன். வீடு எங்கயாக்கும்?”

நான் வழி சொன்னேன். தெப்பக்குளத்திலிருந்து ஆரம்பித்து, வாய்க்கால் பாலம், பெரிய மாமரம், நீலக் கேட் என்று, ஒரு குழந்தைகூடத் தப்பாமல் வந்து சேரும்படி சொன்னேன். அதோடு விட்டேனா? வயசானவர் குரலாக இருக்கிறதே, வெயிலில் எதற்கு நடக்க வேண்டும் என்று, பஸ் வரும் நேரத்துக்கு நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றேன்.

நரைத்த மனிதர், சுத்தமான வேட்டி. கையில் மஞ்சள் பை. ஏறி உட்கார்ந்ததும் என் முதுகுக்குப் பின்னால் ரப்பர் பால் புளித்த நாற்றம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் பிறந்த நாய்க்குக்கூட அந்த நாற்றம் என்னவென்று தெரியும். உழைக்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

“வீட்ல எதாவது விசேஷமா அண்ணாச்சி?”

“ஆமா.”

“பலகாரம் சூடா கிட்டும். இப்பந்தான் அடுப்புல எண்ணெ காயுது.”

“யாரு சுடுதா?”

“எங்க மாமியாரும் இன்னொரு சித்தியும்” என்றேன். என் வாயை அப்போதே ஒருவர் தைத்திருக்கலாம்.

நீலக் கேட்டைத் திறந்து, செருப்பை இங்கே விடுங்கள் என்று உபசாரமும் செய்து, புறவாசலுக்குக் கூட்டிப் போனேன். மாமியார் கோயிலிலிருந்து வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சித்தி அடுப்பின் முன் குனிந்து அச்சை எண்ணெயில் முக்கிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒரு முகத்தில் ரத்தம் சுண்டிப்போவதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்; அது கதைகளில் எழுதுவதுபோல மெதுவாக நடப்பதில்லை.

அந்த மனிதர் இரண்டே எட்டில் போய்க் கொண்டையைப் பிடித்து, அடுப்படியிலிருந்து வாசல் வரை இழுத்தார். மாவுச் சட்டி கவிழ்ந்தது. சித்தியின் முகத்தைத் தரையில் வைத்து ஒரு தடவை, இரண்டு தடவை இடித்தார். சிமெண்டில் சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம் மாதிரி இல்லை. அதைவிட மென்மையாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். “அண்ணாச்சி, பேசித் தீத்துக்கிடலாம்” என்றேன். குறுக்கே போய் நின்றும் பார்த்தேன். அவர் முழங்கையை வீசினார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்து நாக்கில் கிடந்தது. அடுத்த உதை வயிற்றில். கவிழ்ந்த மாவில் மல்லாக்க விழுந்தேன். பச்சரிசி மாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும் கலந்தது. எழுந்திருக்க முயன்றேன், வழுக்கியது. மறுபடி முயன்றேன், மறுபடி வழுக்கியது.

மாமியார் பெருக்குகிற வாரியலைத் தேடவில்லை. உட்கார்ந்திருந்த துருவல் பலகையையே தூக்கி அவர் முதுகில் அடித்தார். பல்லுள்ள இரும்பு. சட்டையோடு சேர்த்துத் தோலும் கிழிந்தது. அவர் திரும்பினார். மஞ்சள் பையிலிருந்து பால்வெட்டுக் கத்தி வந்தது. கையளவுதான் இருக்கும், நுனி வளைந்திருக்கும். மரத்தின் தோலை மட்டும், ஒரு நூல் கூடாமல் குறையாமல் சீவுவதற்கென்று தினமும் தீட்டுகிற கத்தி. மாமியார் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு விழுந்தது. முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு திறந்துகொண்டது.

“சவத்து மூதி” என்றார் மாமியார், கையைப் பார்த்துக்கொண்டே. “எனக்கக் கைய வெட்டிட்டியாலே.”

இரண்டாவது வெட்டுக்குக் கத்தி மேலே போனபோது சித்தி எழுந்துவிட்டிருந்தார். எப்படி எழுந்தார் என்று தெரியாது. முகம் முழுக்க ரத்தம், ஒரு கண் மூடியிருந்தது. எண்ணெயில் கிடந்த அச்சைக் கம்பியோடு உருவி எடுத்து, கத்தி பிடித்திருந்த கையின்மேல் வைத்து அழுத்தினார். வீசவில்லை, அடிக்கவில்லை. அச்சப்பம் சுடுகிறவர் அச்சைப் பிடிக்கிற மாதிரியே, ஆடாமல் பிடித்தார். அந்த மனிதர் அலறினார். கத்தி விழுந்தது. சித்தி எடுக்கவில்லை. பின்னால் பின்னால் போனவரைத் தொடர்ந்து போய், சுவரோடு சாய்த்து, இன்னும் அழுத்தினார். தோல் வெந்த வாசனை எண்ணெய் வாசனையோடு கலந்து சாய்ப்பு முழுக்க நிறைந்தது. நான் அன்றைக்குப் பிறகு ஒரு வருடம் பொரித்தது எதையும் தின்னவில்லை.

மாமியார்தான் பிடித்து இழுத்தார். “போதும்ட்டி. செத்துப் போவான். செத்தா ஒனக்குத்தான் கேடு.”

வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அலறல் கேட்டு ஓடி வந்து அவரை அமுக்கினார்கள். என்னையும் இரண்டு பேர் அமுக்கினார்கள். மாவில் புரண்டு கிடந்தவன் யார் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாமியார் வெட்டுப்பட்ட கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, மற்றக் கையால் போனை எடுத்து ஒரே ஒரு வாய்ஸ் போட்டார். “வந்திட்டான். எல்லாவளும் ஆசுத்திரிக்கு வாங்கட்டி.”

சித்திக்குக் கன்னத்து எலும்பு விரிசல். மாமியாருக்குப் பதினொரு தையல். எனக்குப் பாதிப் பல். அவருக்கு முன்கையில் பூப்போல ஒரு சூடு, இதழ் இதழாக. நான் அதை இங்கே எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பார்த்தபோது வாந்தி வந்தது.

மறுநாள் ஸ்டேஷனில்தான் சங்கதி வேறு பக்கம் திரும்பியது. கையில் பெரிய கட்டோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கட்டின மனைவியைக் கூப்பிட வந்தேன், சூடு வைத்துவிட்டாள் என்றார். கேட்கிற யாருக்கும் இரக்கம் வரும். எழுதுகிறவர் பேனாவை மூடினார். சித்தியைப் பார்த்து, “இதப் பாரும்மா, நான் எழுதினா ஒம்மேலயும் எழுதணும். சூடு வச்சதுக்கு நீயும் உள்ள போகணும். வயசான காலத்துல இது வேணுமா? புருஷன் பொண்டாட்டி சண்டை. ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டு ஒண்ணா வீட்டுக்குப் போங்க” என்றார்.

ஒண்ணா வீட்டுக்கு. பாட்டிமார் பத்துப் பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். மீன் ஊறுகாய் அம்மாள் மட்டும் அந்த மனிதர் பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாக, “நெத்தோலிக்குத் தல கிள்ளுத மாதிரி கிள்ளிருவேன்” என்றார். அவர் அழுகையை நிறுத்தினார். போலீஸ்காரர் அதட்டினார்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். “சார் சொல்றதும் சரிதான மாமி, ஒரு சமாதானமா…” என்று ஆரம்பித்தேன். சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று எட்டு வருடம் அரபியிடம் வேலை பார்த்துப் பழகிவிட்டது.

மாமியார் என்னை நகர்த்திவிட்டு மேசைமுன் வந்து, தையல் போட்ட கையை எழுதுகிறவரின் தாள்மேல் வைத்தார்.

“அவ சண்டைய அவ பாத்துக்கிடட்டும். எனக்கக் கேச எழுதும். எனக்க வீட்டுக்குள்ள வந்து எனக்கக் கைய வெட்டியிருக்கான். நான் இவனுக்குப் பொண்டாட்டி இல்லையே?”

எழுதுகிறவர் கையைப் பார்த்தார். தையலைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பத்துப் பேரையும் பார்த்தார். புருஷன் பொண்டாட்டி சண்டையில் மூன்றாம் வீட்டுக்காரியின் பதினொரு தையலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவை மறுபடி திறந்தார். மாமியார் வெட்டுப்படாமல் இருந்திருந்தால் சித்தி அன்றைக்குச் சாயங்காலமே திற்பரப்பு பஸ்ஸில் ஏறியிருப்பார். அப்புறம் அடுத்தது தலைதான்.

அந்த மனிதரை ரிமாண்டு செய்தார்கள். சில வாரம் கழித்து ஜாமீனில் வந்து, திற்பரப்பில் தனியாக இருந்தார். சித்தி எங்கள் வீட்டில் இருந்தார். கன்னம் ஆறியது, ஒரு பக்கம் கொஞ்சம் பள்ளமாகவே நின்றுவிட்டது. என் முட்டாள்தனத்தைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. படம் போட்டது நான், வழி சொன்னது நான், வண்டியில் ஏற்றிவந்து செருப்பைக் கழற்றச் சொன்னது நான். எல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் எனக்குத் தேயிலை போடும்போது சீனி மட்டும் போட மாட்டார். நான் கேட்கவும் மாட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மகன் துபாயிலிருந்து என்னைக் கூப்பிட்டான். மாமியாரைக் கூப்பிட அவனுக்குத் தைரியம் இல்லை. அப்பா சாப்பாடு இல்லாமல் கிடக்கிறாராம். கை இன்னும் மடங்கவில்லையாம், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லையாம். ராத்திரியெல்லாம் அழுகிறாராம். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க என்றான். நான் சொன்னால் கேட்கிற ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதில் என் நெஞ்சு விரிந்தது. அவன் பேசப்பேச எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் தனியாக ஒரு கிழவர், மடங்காத கையோடு, அணைந்த அடுப்பு. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்த அதே மனிதர் என்பது அந்த நேரத்தில் எப்படி மறந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சாய்ப்புக்குப் போனேன். சித்தி மாவு கலக்கிக்கொண்டிருந்தார். மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் போனேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

“சித்தி, மோன் விளிச்சான். அவரு ரொம்ப மாறிட்டாராம். ஒத்தைக்குக் கெடக்காராம். ஒருவேள கஞ்சிக்கு வழியில்லியாம். என்ன இருந்தாலும் நாப்பது வருஷம் கூட இருந்தவரு. அந்த வீட்ல ஒரு மனுஷ ஆளு இருந்தா அவருக்கு ஒரு தொணையா இருக்கும்லா?”

அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நீ போயி இரு, மக்ளே.”